டஸ்டரில் கட்டிய சாவி

எங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மணி அடிக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்தபோது, நான் அந்தக் காம்பவுண்டுக்குள் ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தே எட்டு வருஷம்தான்.

தண்ணீர் மணி என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை மணி அடிக்கும். அடித்தவுடன் பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் பாட்டிலைத் திறந்து குடிக்க வேண்டும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் உள்ள ஊர் அது. பங்குனி வெயிலைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை. சுற்றறிக்கை வந்ததும் நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னோம். நல்ல யோசனைதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

"நீங்க கணக்கு டீச்சர், நேரம் தவற மாட்டீங்க. நீங்களே பாத்துக்குங்க" என்றார் சார். வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் நாலு தட்டுத் தட்டிவிட்டு, ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று பிரசங்கம் செய்வேன். தண்ணீர் குடிக்காவிட்டால் தலை வலிக்கும், படிப்பு ஏறாது, சிறுநீரகம் கெட்டுப் போகும் என்று மூச்சு விடாமல் சொல்வேன். என் கையில் ஒரு ஸ்டீல் பாட்டில் இருக்கும். அதைத் தூக்கிக் காட்டுவேன். காட்டுவதோடு சரி, மூடியைத் திறந்ததில்லை. காலையில் நிறையத் தண்ணீரோடு வீட்டை விட்டுக் கிளம்பும் அந்த பாட்டில், சாயங்காலம் அதே தண்ணீரோடு வீடு திரும்பும். அதை முருங்கை மரத்தடியில் ஊற்றுவேன். எங்கள் வீட்டு முருங்கை நன்றாகக் காய்க்கும்.

ஏன் குடிக்கவில்லை என்று எந்தப் பெண்ணும் என்னைக் கேட்க மாட்டாள். ஆண்களுக்காகச் சொல்கிறேன். டீச்சர்களுக்கென்று பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு கழிவறை. அதன் சாவி தலைமையாசிரியர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால், கடிகாரத்துக்குக் கீழே ஒரு ஆணியில் தொங்கும். சாவி தொலைந்துவிடக் கூடாது என்று அதை ஒரு பழைய டஸ்டரில், கரும்பலகை அழிக்கிற அதே டஸ்டரில், கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கழிவறையோ மைதானத்துக்கு அந்தக் கோடியில். ஆக, ஒரு டீச்சர் அவசரத்துக்குப் போக வேண்டுமென்றால், முதலில் சாரின் அறைக்குள் போக வேண்டும். சார் நிமிர்ந்து, "சொல்லுங்க டீச்சர், என்ன விஷயம்?" என்பார். தினமும் கேட்பார். விஷயம் என்னவென்று ஆணிக்கே தெரியும், அவருக்குத் தெரியாது. பிறகு டஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் மொத்தமும் பார்க்க மைதானத்தைக் கடக்க வேண்டும். ஆண் ஆசிரியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருவேலங்காடு முழுவதும் அவர்களுக்குச் சொந்தம்.

அதனால் நாங்கள் வேறு ஒரு வித்தை கற்றிருந்தோம். காலையில் காபி அரை டம்ளர். பஸ் ஏறும் முன்பு ஒரு முறை போய்விட்டு வந்தால், மறுபடி வீடு வந்துதான். நடுவில் பத்து மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் ஓய்வறையில் யாரும் ரசம் கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. மோர் கிடையாது. வெள்ளரிக்காயைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்ப்போம். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு என்று எல்லாமே வறண்ட ஜாதி. விக்கல் எடுத்தால் மட்டும் ஒரு மடக்கு. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் வாரத்திலேயே இதெல்லாம் பழகிவிடும், யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது பீரியடுக்கு எனக்குத் தலைவலி வந்துவிடும். நெற்றிப் பொட்டில் தொடங்கிப் பின்கழுத்து வரை இறங்கும். சிமெண்ட் லாரிப் புழுதி என்பேன், பஸ்ஸில் வைக்கிற பாட்டு என்பேன், பத்தாம் வகுப்பு என்பேன். காரணத்துக்கா பஞ்சம்? மாத்திரைக்கும் பஞ்சமில்லை. ஓய்வறை மேஜையில் ஒரு பேரீச்சம்பழ டப்பா இருக்கும். பழம் தீர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இப்போது முழுக்க மாத்திரை. டப்பா அறிவியல் டீச்சருடையது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருகிறவர், என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தம்பி வளைகுடாவில் இருக்கிறார். விடுமுறையில் வரும்போதெல்லாம் செண்டு, சாக்லேட்டு இவற்றோடு வலி மாத்திரையும் பெட்டி பெட்டியாகக் கொண்டு வருவார்.

"இது அங்கத்திய சரக்கும்மா. நம்மூரு மாத்திரை மாதிரி இல்ல. பிஸ்மி சொல்லிப் போட்டா பத்து நிமிஷத்துல வலி பறந்துரும்" என்பார் அக்கா. அந்த மாத்திரைக்கு ஓய்வறையில் இருந்த மரியாதையைச் சொல்லி மாளாது. சாதாரண வலிக்கு அதை எடுக்க மாட்டோம். மண்டை பிளக்கும் வலி என்றால்தான் அது.

சாதாரண வலிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே கத்திரிக்கோலை எடுத்துவிடுவார்.

"என்னங்க டீச்சர், தலைவலியா, ஒடம்பு வலியா?"

"ரெண்டுந்தாங்க."

"அப்ப செட்டாவே போட்டுத் தரேன்."

செட் என்றால் ஒரு மஞ்சள், ஒரு ரோஸ், வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க ஒரு குட்டி வெள்ளை. மூன்றையும் அட்டையிலிருந்து கத்தரித்து ஒரு காகிதக் கவரில் போட்டு, அதன் மேல் எதுவும் எழுதாமல் கொடுப்பார். எந்த மாத்திரை என்ன மாத்திரை என்று நானும் கேட்டதில்லை. பிள்ளைகள் விடைத்தாளில் ஒரு படியை விட்டுவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கிற ஆள் நான். என் வயிற்றுக்குள் போவதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. மஞ்சள் தலைக்கு, ரோஸ் உடம்புக்கு, ஃபாரின் அவசரத்துக்கு என்று நானாக ஒரு வைத்திய சாஸ்திரம் எழுதி வைத்திருந்தேன். சில நாட்கள் மூன்றும் உள்ளே போகும். அதையும் தண்ணீரைச் சேமித்து, எச்சிலைக் கூட்டி விழுங்கிவிடுவேன்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து வகுப்பில் அக்கா சிறுநீரகம் நடத்துவார். அவர் கரும்பலகையில் வரைந்தால் அப்படியே அறுத்து எடுத்து வைத்த மாதிரி இருக்கும். சிவப்புச் சாக்பீஸ், நீலச் சாக்பீஸ், ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி. வரைந்து முடித்துவிட்டு ஓய்வறைக்கு வந்து ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் என் செருப்பு காலுக்குள் நுழையவில்லை. செருப்பு சுருங்கிவிட்டது என்று நினைத்தேன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "மொகங்கூட ஊதியிருக்கே" என்றார். உடனே ஃபோனை எடுத்து யாரோ அனுப்பியிருந்த ஒரு செய்தியை எனக்குத் தள்ளிவிட்டார். காலையில் வெறும் வயிற்றில் செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் நான்கு டம்ளர் குடித்தால் நாற்பது வியாதி தீருமாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது. நான்கு டம்ளரைக் குடித்துவிட்டு அரியலூர் ரோட்டில் நான் எங்கே போய் இறங்குவது? அந்தச் செய்தியை எழுதியவன் ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை பெரம்பலூரிலேயே ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். முடிவுத்தாளைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"மூணு லிட்டர் மேடம்." யோசிக்காமல் வந்துவிட்டது. தினமும் மூன்று முறை வகுப்பில் சொல்கிற வாய் அல்லவா.

"எத்தன தடவ பாத்ரூம் போவீங்க?"

"காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கணக்கு டீச்சருங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பிறகு, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள், எல்லாவற்றையும் காட்டுங்கள் என்றார். கைப்பையை மேஜை மேல் கவிழ்த்தேன். மஞ்சள், ரோஸ், அட்டை, அரை அட்டை, வளைகுடாப் பெட்டி என்று விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தார். கத்தரித்ததில் பெயர் போயிருந்த துண்டுகளைத் தனியாக ஒதுக்கினார். மீதியை இரண்டு குவியலாகப் பிரித்தார். நான் நான்கு மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தது அவர் கையில் இரண்டு மருந்தாகிவிட்டது.

"இந்த மஞ்சளும், ரோஸும், வெளிநாட்டு மாத்திரையும் ஒண்ணேதாம்மா. ஒரே ஆளு மூணு சட்டை போட்டுக்கிட்டு வந்துருக்கான். நீங்க மூணு பேருன்னு நெனச்சு மூணு எலை போட்டுருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"வலி மாத்திரைய எப்பவாவது போட்டா ஒடம்பு தாங்கிக்கும். நீங்க வருஷக்கணக்கா, அதுவும் தண்ணி இல்லாத ஒடம்புல போட்டுருக்கீங்க. கிட்னி பாதிக்க ஆரம்பிச்சாச்சு. இப்ப நிறுத்துனா இதோட நிக்கலாம். நிறுத்தலன்னா டயாலிசிஸ்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. மாத்திரை கூடாது, நாள் பூரா கொஞ்சங் கொஞ்சமா தண்ணி குடிக்கணும். கால் வீக்கம் கூடினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வந்துரணும்."

வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டு வேப்ப மரத்தடியில் நின்று அழுதேன். பயந்துதான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு நாற்பத்தாறு வயது. மகள் கல்லூரியில் முதல் வருஷம். இரண்டு மாதத்தில் எனக்கு வேண்டியது மருந்துமல்ல மாயமுமல்ல, தண்ணீர். தண்ணீரும் கையிலேயே இருக்கிறது. வேண்டியது அந்தச் சாவி. இதை டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் வந்திருந்தேன்.

திங்கட்கிழமை முதல் தண்ணீர் மணிக்கு பாட்டிலைத் திறந்து நாலு மடக்குக் குடித்தேன். எட்டாம் வகுப்பு மொத்தமும் என்னை வேடிக்கை பார்த்தது. அரை மணியில் சாரின் அறை வாசலில் நின்றேன்.

"சொல்லுங்க டீச்சர், என்ன விஷயம்?"

"சாவி சார்."

"ஓ, சாவியா" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தார். டஸ்டரைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினேன். பத்தடி போயிருக்க மாட்டேன், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடி வந்தான். எங்கள் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். டீச்சர் கையில் எதையாவது தூக்கிக்கொண்டு நடந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள்.

"குடுங்க டீச்சர், நான் கொண்டாறேன். எந்த க்ளாஸுக்கு டீச்சர்?"

"வேணாம்டா, நீ போ."

"பரவால்லங்க டீச்சர், குடுங்க டீச்சர்."

பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். நான் பின்னால். கழிவறைக் கதவு வரை வந்த பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. டஸ்டரை என் கையில் திணித்துவிட்டு ஓடியவன், அதன் பிறகு என்னை எங்கே கண்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், அவன் மேல் என்ன தப்பு. மறுநாள் நான் இரண்டு மடக்குதான் குடித்தேன். அதற்கு அடுத்த நாள் ஒன்று. மானம் பெரிதா கிட்னி பெரிதா என்று கேட்டால் எல்லோரும் கிட்னி என்றுதான் சொல்வார்கள். மைதானத்தில் நடந்து பார்த்தால் தெரியும்.

மாத்திரையை மட்டும் ஒரேயடியாக விட்டேன். முதல் வாரம் தலைவலி என்னைப் போட்டு உருட்டிவிட்டது. அக்கா டப்பாவைத் திறந்துகொண்டே வந்தார். நான் டாக்டரம்மா பிரித்த இரண்டு குவியல் கதையைச் சொன்னேன். வளைகுடாப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மஞ்சள் மாத்திரை அட்டையை அதன் பக்கத்தில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"யா அல்லாஹ். நாந்தானேம்மா இந்தப் பாடத்த வருஷா வருஷம் நடத்துறேன்" என்றார். அன்றைக்கு அவர் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பெண் பிள்ளைகள் கழிவறை பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குப் புதிதாகவே ஒன்று கட்டியிருந்தார்கள். டைல்ஸ், குழாய், கதவில் நீல பெயிண்ட், எல்லாம் இருந்தது. ரிப்பன் வெட்டி, ஃபோட்டோ எடுத்து, அன்றைக்கே பூட்டி, சாவியை டஸ்டர் சாவி தொங்கும் அதே ஆணியில் மாட்டிவிட்டார் சார். காரணம் கேட்டால், "அதிகாரி பார்வைக்கு வராங்க டீச்சர். அதுவரைக்கும் சுத்தமா இருக்கணுமில்ல?" என்பார். அதிகாரி வருகிறேன் வருகிறேன் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். அது சுத்தமாகவே இருந்தது. உலகத்திலேயே இத்தனை சுத்தமான கழிவறை வேறெங்கும் இருந்திருக்காது. பிள்ளைகளோ பழைய கொட்டகைக்குக் கதவில்லாததால் அங்கேயும் போவதில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் தினமும் மூன்று முறை மணி அடித்தேன்.

சாவி வாங்கப் போகாமல் தண்ணீரைக் குறைத்துக்கொண்ட அந்த நாட்களில் ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு பெண். நன்றாகப் படிப்பாள், அரும்பாவூர்ப் பக்கமிருந்து வந்து இங்கே சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். மணி அடித்ததும் பாட்டிலை உயர்த்தி வாயில் வைத்தாள். தொண்டை அசையவில்லை. வைத்தபடியே பத்து எண்ணுகிற நேரம் இருந்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பாட்டிலைக் கீழே வைத்தாள். அத்தனை நேர்த்தி. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ தெரியவில்லை.

"யாரை ஏமாத்துற? எந்திரி. என் கண்ணு முன்னால முழு பாட்டிலும் குடிக்கணும், ம்."

குடித்தாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் விடவில்லை. முழுவதும் குடித்தாள். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு இயற்கணிதம் எடுக்கப் போனேன்.

கடைசி பீரியடில் அதே வகுப்பு எனக்கு. அவள் பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். முகம் வெளிறி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"வயிறு வலிக்குது டீச்சர்."

என் கை தானாகக் கைப்பைக்குள் போனது. ஒரு மாதமாக அதில் மாத்திரை இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை, உள்ளே துழாவிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"மாத்திர வேணாங்க டீச்சர். தலவலிக்குன்னு காலைலயே போட்டுட்டேன். சித்தி வாங்கி வச்சிருக்கு. நீங்க போடுவீங்கள்ல, அதே மஞ்ச மாத்திரதான்."

"தெனமும் போடுவியா?"

"தெனமும் வலிக்குதுல்ல டீச்சர்."

பிறகு குரலை இறக்கி, பக்கத்துப் பெண்ணுக்குக்கூடக் கேட்காமல் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்களும் மூடியத் தொறக்க மாட்டீங்க. நாங்கள்லாம் பாத்துருக்கோம். அப்படித்தான் இருக்கணும்போலன்னு நெனச்சோம்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நான் கணக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! பதினாலு வயதுப் பெண்ணுக்கு பாட்டிலை மூடி வைக்கவும், மஞ்சள் மாத்திரையை விழுங்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வெட்கத்தில் உடம்பு எரிந்தது. நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் நிமிர்வதற்கு முன்பே நாற்காலிக்குப் பின்னால் போய் ஆணியிலிருந்து இரண்டு சாவிகளையும் எடுத்தேன்.

"சொல்லுங்க டீச்சர், என்ன விஷ..."

"புள்ளைங்க கக்கூஸத் தொறக்கப் போறேன் சார்."

"டீச்சர், டீச்சர், அடுத்த வாரம் அதிகாரி வராங்க!"

"ஏன் சார், அதிகாரி கக்கூஸ் போறதுக்கா இங்க வராங்க?"

சாரின் மேஜையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டி, டஸ்டரை அங்கேயே வைத்துவிட்டு, வெறும் சாவிகளோடு வெளியே வந்தேன். நீலக் கதவின் பூட்டு துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணைத்தான் முதலில் உள்ளே அனுப்பினேன். அவள் வெளியே வந்தபோது கதவுக்கு முன்னால் வரிசை எட்டாம் வகுப்பு வாசல் வரை நின்றது. யாரும் அதற்கு மணி அடிக்கவில்லை.

அவளுடைய சித்தியை மறுநாளே வரவழைத்துப் பேசினோம். அக்காதான் பேசினார், அவருக்குத்தான் அது வரும்.

நாலாம் நாள் கழிவறை நாறியது. "நான் சொன்னேன்ல டீச்சர்" என்று சார் வராந்தாவில் நின்று சொன்ன அழகைப் பார்க்க வேண்டுமே! துப்புரவுக்கு ஒரு அம்மா வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். நூறு பிள்ளைகள் தினமும் போகிற இடத்துக்கு அது எப்படிப் போதும்? பிள்ளைகளைக் கழுவச் சொல்வதில்லை என்று நானும் அக்காவும் முடிவு செய்திருந்தோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆளுக்கொரு வாளி, ஒரு பினாயில் பாட்டில், ஒரு துடைப்பத்தோடு மதிய இடைவேளையில் இறங்கிவிட்டோம். ஐந்து நிமிடத்தில் சார் ஓடி வந்தார்.

"டீச்சர், என்னங்க இது, நீங்க போயி... ஊருக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க? கீழ வைங்க டீச்சர், ப்ளீஸ்!"

வைக்கவில்லை. எட்டு வருஷமாகப் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் போகாத பள்ளிக்கூடத்து மானம், டீச்சர் கையில் துடைப்பத்தைப் பார்த்ததும் போய்விட்டது. மறுநாளிலிருந்து அந்த அம்மா தினமும் வந்தார். எப்படி முடிந்தது என்று கேட்டால், "ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார் சார். முன்பே முடிந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் குடிக்க ஆரம்பித்தேன். முதல் மணிக்கு, இரண்டாம் மணிக்கு, மூன்றாம் மணிக்கு. மதியத்துக்கு ரசம் கொண்டு போனேன், ஓய்வறையே திரும்பிப் பார்த்தது. மூன்று வாரத்தில் அந்த மூன்றாவது பீரியட் தலைவலி குறைந்தது. பிறகு ஒரு நாள் வரவேயில்லை. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எட்டு வருஷமாக லாரியைத் திட்டினேன், பாட்டைத் திட்டினேன், பத்தாம் வகுப்பைத் திட்டினேன். கடைசியில் எனக்கு இருந்தது தாகம். இதைச் சொல்லி எங்கே முட்டிக்கொள்வது?

இரண்டாவது டெஸ்ட் எடுத்தேன். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "கிட்னி டெஸ்ட்டு நம்பரு எறங்கல. ஆனா ஏறல. போனது போனதுதான். இருக்குறத வச்சுக் காப்பாத்திக்குவோம்" என்றார். கால் வீக்கம் மட்டும் வடிந்திருந்தது. இருக்கிறதைக் காப்பாற்றத்தான் இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்க்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு வழியாக அதிகாரி வந்தார். பெண் அதிகாரி. காலை எட்டு மணியிலிருந்து ஜீப்பில் ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் சுற்றி, நான்கு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டு, எங்களிடம் வரும்போது மதியம் இரண்டு. சார் தண்ணீர் மணி பற்றி அரை மணி நேரம் விளக்கினார். கழிவறையைத் திறந்தது தன் யோசனை என்றும் அதில் சேர்த்துக்கொண்டார், போகட்டும். இளநீர் வரவழைத்திருந்தார். அந்தம்மா "அப்புறம் குடிக்கிறேன்" என்று தள்ளி வைத்தார். அவருடைய தண்ணீர் பாட்டில் சீல் பிரிக்காமல் பையின் பக்கவாட்டில் இருந்தது. கண்ணை இடுக்கி, இரண்டு விரலால் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டே பதிவேடுகளில் கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்த விரல்களைத் தெரியும்.

சார் எதற்கோ வெளியே போன நேரம் பார்த்து என் பக்கம் சாய்ந்தார்.

"டீச்சர், மண்டையெல்லாம் வலிக்குது. என் மாத்திரை தீந்துபோச்சு. உங்க ரூம்ல ஒரு டப்பா நெறைய இருக்கும்னு ஹெச்.எம். சொன்னாரு. ஒண்ணு கெடைக்குமா?"

"மாத்திரை இல்லைங்க மேடம்" என்றேன். "சாவி இருக்கு."

அவர் நெற்றியிலிருந்து விரல்களை எடுத்தார். பிறகு பதிவேட்டை மூடிவிட்டு, கையை நீட்டினார்.